பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் சைவ உணவு: 2018 முதல் இன்று வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், மூன்று பக்கமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுபட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் 2018ஆம் ஆண்டு மாணவராகச் சேர்ந்த நான், இப்போது அங்கேயே ஆய்வுக்கூட உதவியாளராகப் பணிபுரிகிறேன். பிறந்தது முதல் சைவம், முட்டையும் உண்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் மதிய உணவுக்கு வளாகக் கடைகளையே நம்பியிருப்பதால், அங்கு சேரவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சைவம் கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் தட்டில் இருப்பது சைவந்தானா என்பதை ஒவ்வொரு நாளும் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மலாய்க்காரர் நடத்தும் கலப்புச் சோற்றுக் கடையில் கங்கோங் கீரை, தவுகே (முளைவிட்ட பயறு), பயற்றங்காய், கத்தரிக்காய்ச் சம்பால், சாயுர் லோடே (தேங்காய்ப்பாலில் வேகவைத்த காய்கறிக் குழம்பு) என ஏழெட்டு வகைக் காய்கறிகள் வரிசையாக இருக்கும். முதல் பருவத்தில் நான் "சாயுர் சாஜா?" (காய்கறி மட்டுந்தானா?) என்று கேட்பேன், கடைக்கார மக்சிக் (மலாயில் 'அத்தை' போன்ற மரியாதை விளி) ஆமாம் என்பார். அவர் என்னை ஏமாற்றவில்லை. சாயுர் என்றால் காய்கறி. அந்தக் காய்கறியைப் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்த்து வதக்குவதும், தேங்காய்ப்பாலில் உலர்ந்த இறாலை இடித்துப் போடுவதும் அவருடைய சமையலில் உப்புப் போடுவதைப் போன்ற வழக்கம். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், லோடேயில் வெந்த முட்டைக்கோசு இலையைப் பிரித்தபோது, அதன் மடிப்பில் சுண்டுவிரல் நகத்தளவு இறால் ஒன்று, காலும் மீசையும் கலையாமல் சுருண்டு கிடந்தது. அன்று பசியோடு வகுப்புக்குப் போனேன்.

அதன் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். பெலாச்சான் இருக்கிறதா, ஊடாங் கெரிங் (உலர்ந்த இறால்) இருக்கிறதா, ஈக்கான் பிலிஸ் (நெத்திலி) இருக்கிறதா, சோஸ் தீராம் (சிப்பிச் சாறு) ஊற்றினீர்களா என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாரும் தவறாகப் பதில் சொல்வதில்லை. இரண்டே மாதத்தில் மக்சிக், நான் வாய் திறக்கும் முன்பே, "அடிக் (இளையவரை அழைக்கும் சொல்), இன்றைக்குக் கங்கோங் வேண்டாம், தெம்பே (நொதிக்கவைத்த சோயாக்கட்டி) எடுத்துக்கொள்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார். ஹலால் என்பதும் சைவம் என்பதும் வெவ்வேறு என்பதைப் புதிதாக வரும் மாணவர்கள் முதல் நாளே மனத்தில் கொள்வது நல்லது.

கரண்டி இன்னொரு தொல்லை. ரொட்டி சானாய் (பரோட்டா) போடும் கடையில் பருப்புக்கும் மீன்குழம்புக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்துவதை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தேன். "டால் சாஜா" (பருப்பு மட்டும்) என்று சொன்னாலும், முன்னவருக்கு மீன்குழம்பு ஊற்றிய கரண்டியே என் பருப்பில் இறங்கும். நாங்கள் சிலர் சேர்ந்து பணிவாக எடுத்துச் சொன்னபின், கடைக்காரர் பருப்புக் கரண்டியின் பிடியில் பச்சை ராஃபியா கயிற்றைக் கட்டிவிட்டார். கயிறு நைந்துபோனால் அவரே புதிதாகக் கட்டிக்கொள்கிறார். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் பணியாளர்களின் பயிற்சி, தடுப்பூசி, உடை ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. வளாகக் கடைகளின் தூய்மையில் எனக்குக் குறையில்லை, குறை கரண்டி கலப்பதில்தான்.

சுவையில் முதலிடம் இந்தியக் கடைக்கே. சோறு, சாம்பார், ரசம், இரண்டு கறி, அப்பளம். இவற்றோடு புதன்கிழமைகளில் முருங்கைக்கீரைப் பிரட்டல். பழைய லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வேலியில் வளரும் கீரையை ஒரு பாட்டி கட்டுக் கட்டாகக் காலையில் கொண்டுவந்து கொடுக்கிறார். கடை அக்கா அதை அங்கேயே உட்கார்ந்து உருவி, மதியத்திற்குள் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடுவார். அந்தப் பச்சை நிறமும் இளங்கசப்பும் வளாகத்தில் வேறெந்தக் கடையிலும் இல்லை. நகரத்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் என் தோழிகளுக்குக் கிடைக்காத பேறு இது என்று உறுதியாகச் சொல்வேன்.

சீனச் சைவக் கடையில் சோயாவும் கோதுமைப் புரதமும் கொண்டு செய்த 'சைவக் கோழி', 'சைவ ஆடு' வகைகள் எனக்கு உப்பும் எண்ணெயும் மிகுதி. காளானோடு சமைத்த தவு என்னும் சோயாப்பால் கட்டியே நன்று. அங்கு வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்றாலும் சில பண்டங்களில் முட்டை உண்டு, ஆகவே கேட்டு வாங்க வேண்டும். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீன மாணவர் பலர் சைவம் உண்பதால் வரிசை நீளும். நம்மவர் சைவம் காக்கும் புரட்டாசியும் சீனர் சைவம் காக்கும் ஒன்பது பேரரசர் திருவிழாவும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வரும் நாட்களில், பன்னிரண்டரை மணிக்குள் போகாவிட்டால் வெறும் சோறுதான்.

என்னை உண்மையிலேயே வருத்துவது புரதக் குறைவு. சுவரில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், அரை) விளக்கப்படம் தொங்குகிறது: தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம், அரைப்பங்கு காய்கறியும் பழமும். என் தட்டில் பாதி சோறாக இருக்கும். 2023இல் அறிமுகமான, 'ரஹ்மா' என்னும் 5 ரிங்கிட் மலிவு விலை உணவில் மற்றவர்களுக்குக் கோழியோ மீனோ வைத்தபோது, முட்டையும் வேண்டாம் என்ற எனக்கு அதே விலையில் இன்னொரு கரண்டி முட்டைக்கோசு கிடைத்தது. 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் மலிவு. கோழிக்கு ஈடாக அதை வைப்பதில் எந்தச் சிரமமும் இருக்க முடியாது. பி12 உயிர்ச்சத்துக்குத் தெம்பேயை நம்ப முடியாது என்பதால் நான் பாலும் தயிரும் வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் இந்தியக் கடையும் சீனச் சைவக் கடையும் அடைத்துவிடும். மோட்டார் சைக்கிள் இல்லாத விடுதிப் பிள்ளைகள் ரொட்டியும் உடனடி மீயும் (நூடுல்ஸ்) தின்று படிக்கிறார்கள். ஒரு சைவக் கடையாவது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த குத்தகையில் சேர்க்கும்படி நிர்வாகத்துக்கு இரண்டாம் முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.