டிசைன் கருவிகளில் வந்த ஏஐ வசதிகள்: மொரீஷியஸிலிருந்து 14 மாத அனுபவம்

மொரீஷியஸின் தொழில்நுட்ப வளாகமான எபேன் சைபர்சிட்டியில், செயலித் திரைகளை வரையும் ஒரு சிறிய டிசைன் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பகலில் ஹோட்டல் முன்பதிவுச் செயலிகள், பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். மாலையில், எங்கள் ஊர்க் கோயிலுக்காகத் தைப்பூசக் காவடிப் பதிவுச் செயலி. அதற்கு நான்கு மொழிகள்: தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், இங்கே வீட்டிலும் தெருவிலும் பேசும் கிரியோல். இந்த இரண்டு வேலைகளிலும் மூன்று கருவிகளின் ஏஐ வசதிகளை 14 மாதங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு நேர்ந்த சிக்கல்களைக் கருவியின் பெயர் சொல்லி எழுதவில்லை. மூன்றுக்கும் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் மனதாரப் பாராட்ட வேண்டியது, திரையை வரையும்போது அடுக்கடுக்காகச் சேரும் லேயர்களுக்குப் பெயர் வைக்கும் வசதி. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: அவசரத்தில் வரைந்த கோப்பைத் திறந்தால் ‘ஃபிரேம் 427’, ‘குரூப் 88’ என்று வரிசையாக நிற்கும். நிரல் எழுதும் டெவலப்பரிடம் கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றுவேன், அரை நாள் போய்விடும். இப்போது ஒரு சொடுக்கில் முடிகிறது. பத்தில் ஒன்றிரண்டு பெயர் தவறாக வந்தாலும் திருத்துவது சுலபம். படத்தின் பின்னணியை நீக்குவது, பழைய கோப்புகளில் பட்டன், பெட்டி போன்ற ஒரு காம்பொனென்ட்டைத் தோற்றத்தை வைத்துத் தேடுவது, இவையும் அப்படித்தான். இந்த வசதிகளுக்காக மட்டுமே சந்தா கட்டலாம்.

மாதிரித் தகவல் நிரப்பும் வசதியில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பக்தர் பட்டியலுக்கு ‘மொரீஷியஸ் தமிழர் பெயர்கள்’ கேட்டேன். ‘பிரியா ஷர்மா’, ‘ராஜ் படேல்’ என்று வந்தது. எல்லாம் சின்னச் சின்னப் பெயர்கள், திரை பார்க்க அழகாக இருந்தது. இங்கே ஆவணங்களில் நம் பெயர்கள் அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதிவைத்த எழுத்துக்கூட்டலில் நீண்டு கிடக்கும். சுப்பிரமணியன் என்ற குடும்பப் பெயரை அப்படி எழுதி, முன்னால் இரண்டு முதற்பெயர்களையும் சேர்த்தால் பெட்டிக்குள் அடங்காது. உண்மைப் பெயர்களைப் போட்ட பிறகுதான் பட்டியல் உடைவது தெரிந்தது.

சரி, எல்லோரும் கேட்கும் வசதிக்கு வருகிறேன். நாலு வரி எழுதினால் முழுத் திரையையே வரைந்து தரும் வசதி. இதன் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 2024 ஜூனில், திரை வரையும் கருவியான ஃபிக்மாவின் நிறுவனம் தன் கான்ஃபிக் மாநாட்டில் ‘மேக் டிசைன்ஸ்’ என்ற வசதியை அறிவித்தது. வானிலைச் செயலி ஒன்று வரையச் சொன்னால் ஆப்பிளின் வானிலைச் செயலியைப் போலவே வரைகிறது என்று ஒரு டிசைனர் படங்களோடு காட்டினார். சில நாட்களில் ஃபிக்மா அதை நிறுத்திவைத்தது. பின்னால் ‘ஃபர்ஸ்ட் டிராஃப்ட்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. 2025 மே மாதம், நாம் எழுதிக் கேட்பதை வைத்து, இயங்கும் மாதிரிச் செயலியையே கட்டித் தரும் ‘ஃபிக்மா மேக்’ வந்தது. அதே மாதம், எழுதிக் கேட்டால் திரை வரைந்து தரும் கூகுளின் ‘ஸ்டிட்ச்’சும் வந்தது. தரம் வெகுவாக உயர்ந்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உலகத்தில் நிறைய இருக்கும் திரையை நன்றாக வரைகிறது, இல்லாத திரையை அருகில் இருக்கும் வேறொன்றாக மாற்றிவிடுகிறது என்ற நிலை இன்னும் போகவில்லை.

காவடிப் பதிவில் இதை நேரிலேயே பார்த்தேன். விவரமாக எழுதிக் கேட்டேன்: பத்து நாள் விரதம், காவடியா பால்குடமா என்ற தேர்வு, ஊர்வலம் புறப்படும் இடம். வந்தது இசைக் கச்சேரிக்கு டிக்கெட் விற்கும் பக்கம். மேலே பெரிய படம், கீழே மூன்று விலைப் பெட்டிகள், நடுப் பெட்டிக்கு ‘மிகவும் பிரபலமானது’ என்ற பட்டை. கோயிலில் விலை ஏது? அதைவிடப் பெரிய பிழை, ஆளுக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு கடவுச்சொல் என்று கணக்குத் திறக்கச் சொன்னது. எங்கள் பக்கம் பாட்டி ஒரே போனில் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பெயர் கொடுப்பார். ‘குடும்பமாகப் பதிவு’ என்று திருத்திக் கேட்டபோது, விமான டிக்கெட்டில் பயணிகளைச் சேர்ப்பது போல வரைந்தது. அது ஓரளவு பொருந்தியது. அதிலிருந்து நானே வரைந்து முடித்தேன்.

மொழி தேர்ந்தெடுக்கும் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏஐ தந்த பக்கத்தில் தமிழ் கடைசியில் இருந்தது, பக்கத்தில் இந்தியக் கொடி. கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் மாமா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. 1998-ல் வெளியிட்ட நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே மூன்றாவதாக இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசையிலேயே புதிய நோட்டுகள் வந்தன. அதைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய், ‘கருவி இப்படி அடுக்கிவிட்டது’ என்று எப்படிச் சொல்வது? கொடியும் அப்படித்தான். நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள், எங்கள் கொடி நான்கு வண்ணக் கொடி. விலை காட்டும் இடத்தில் ரூபாய் என்றதும் இந்திய ரூபாய்க் குறியைப் போட்டதும் இதே வகைத் தவறு. இப்போது எந்த மொழிப் பக்கத்திலும் கொடி வைப்பதில்லை. வரிசையை ஆட்களிடம் கேட்டு முடிவு செய்கிறேன்.

மொழிபெயர்ப்பு வசதியைச் சோதிக்க என் அம்மாவை உட்கார வைத்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. நாட்காட்டியில் சனிக்கிழமைக்கான மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம் ‘Sat’, ‘உட்கார்ந்தான்’ என்று வந்திருந்தது. ‘Book’ என்ற முன்பதிவு பட்டனில் ‘புத்தகம்’. இவை கண்ணுக்குத் தெரியும் தவறுகள், உடனே பிடித்துவிடலாம். அம்மாவைக் கோபப்படுத்தியது வேறு. ஒரு பட்டனில் ‘சேமி’, அடுத்ததில் ‘தொடரவும்’, அதற்கடுத்து ‘உன் விவரங்கள்’. ஒரே திரையில் ஒருவரை ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் கூப்பிடுவதா என்று கேட்டார். அன்றிலிருந்து ‘எல்லா இடத்திலும் மரியாதை வடிவம், பட்டன்களில் -வும் என்று முடிய வேண்டும்’ என்பதை, ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையான ப்ராம்ப்ட்டின் முதல் வரியாக வைக்கிறேன். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு சொற்பட்டியலையும் சேர்த்துக் கொடுத்தால் பெரிய முன்னேற்றம் தெரிகிறது. கிரியோலில் நிலைமை மோசம். ‘நான்’ என்பதற்கு நமது ‘மோ’ வர வேண்டிய இடத்தில் ஹெய்ட்டிக்காரர்களின் ‘ம்வென்’ வந்து நிற்கிறது. 2012 முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் கற்றுக்கொடுக்கும் மொழிக்கே இந்த நிலை.

எழுத்துச் சிக்கல் ஒன்று, தமிழில் செயலி செய்யும் எல்லோருக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். ஏஐ கட்டித் தந்த மாதிரியில் ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தும் ஒரு வட்டத்துக்குள் வரும். மீனாட்சிக்கு ‘ம’, முருகனுக்கு ‘ம’, மாரிக்கும் ‘ம’. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘மீ’ என்பது ‘ம’வும் ஒரு துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், நிரல் முதல் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. நீண்ட பெயரை வெட்டும் இடத்திலும் இதேதான், புள்ளி உதிர்ந்து ‘பக்தர்’ என்பது ‘பக்தர’ ஆனது. ‘முழு எழுத்துகளாகப் பிரி, அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இன்ட்ல் செக்மென்டர் பயன்படுத்து’ என்று சொன்னதும் அடுத்த முயற்சியிலேயே சரியாகச் செய்தது. விஷயம் அதற்குத் தெரியும், கேட்டால்தான் செய்கிறது. வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் இருந்தால் மேலே ‘ீ’ சுழியும் கீழே ‘ஞூ’ வாலும் வெட்டுப்படும். கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

சாம்பல் நிற எழுத்தின் மேல் ஏஐக்கு ஏனோ தீராத ஆசை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய 4.5:1 என்ற குறைந்தபட்ச நிற வேறுபாட்டை ஒவ்வொரு திரையிலும் நானே அளக்கிறேன்.

ஹோட்டல் வேலையில் தகவல் பாதுகாப்பும் முக்கியம். இங்கே 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விருந்தினரின் உண்மையான பெயரையோ பாஸ்போர்ட் எண்ணையோ மாதிரித் திரையில் ஒட்டவே கூடாது. உங்கள் கோப்புகளை ஏஐ பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற அமைப்பையும் திறந்து பாருங்கள். ஃபிக்மா 2024-ல் இதை அறிமுகப்படுத்தியபோது சிறிய திட்டங்களில் அது இயல்பாகவே ‘ஆம்’ என்று இருந்தது, பெரிய நிறுவனத் திட்டங்களில் ‘இல்லை’ என்று இருந்தது. நம்மைப் போன்ற சிறிய குழுக்கள்தான் கவனிக்க வேண்டும்.

என் வேலை முறை இப்போது தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் ஆங்கிலத்தில் வரைந்து முடித்துக் கடைசியில் தமிழை நுழைப்பேன். இப்போது முதலில் மிக நீளமான தமிழ்ச் சொற்களையும் மிக நீளமான பெயர்களையும் நானே தட்டிவைத்து, ‘இவற்றை மாற்றாமல் திரையை வரைந்து கொடு’ என்று கேட்கிறேன். தேவையில்லாத அலங்காரம் குறைந்து, நேராகவும் அகலமாகவும் வருகிறது. அந்தத் திரைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நன்றாகவே நிற்கின்றன.

மூன்று சந்தாக்களில் இரண்டை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் அடுத்த ஆண்டுக்கும் நீட்டித்திருக்கிறேன். காவடிச் செயலியின் தமிழ்ப் பக்கங்களை அம்மா முழுவதும் படித்துச் சரி என்று சொல்லிவிட்டார். கிரியோல் பக்கங்களை ஞாயிற்றுக்கிழமை, ரோஸ் ஹில்லில் ஒரு ஆசிரியை வீட்டில் வரி வரியாகப் படித்துத் திருத்தப் போகிறோம்.