உப்புநீர்த் தொட்டிக்கு எந்தக் கல்? லைவ் ராக், டிரை ராக், செயற்கைக் கல்: ஒரு மதிப்பீடு

உப்புநீர்த் தொட்டியில் விளக்கையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கல் அப்படியல்ல. பவளம் ஒட்டி மீன்கள் குடியேறிய பிறகு கல்லை வெளியே எடுப்பதென்றால் தொட்டியையே கலைத்துப் போட வேண்டியிருக்கும். முதல் நாளில் அதிகம் யோசித்து வாங்க வேண்டிய பொருள் அதுதான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும் தொட்டியை அளவாக வைத்து, சந்தையில் உள்ள கல்வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

லைவ் ராக் என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. கல்லுக்கு உயிர் கிடையாது; அது செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. உயிர் அதன் துளைகளில் இருக்கிறது. மேற்பரப்பில், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில் வேறு வகை நுண்ணுயிரிகள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961இல், கடல் கல்லையும் காற்றுக்குமிழியையும் மட்டும் நம்பித் தொட்டி நடத்தும் முறையை உலகுக்கு எழுதிக் காட்டியபோது வேலை செய்தவை இந்தத் துளைகள்தான். ஆகவே கல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது துளை. நிறமும் கிலோவும் பிறகு.

கிலோ கணக்கில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கேலனுக்கு ஒரு பவுண்டு என்ற பழைய அமெரிக்கக் கணக்கு 10 லிட்டருக்கு 1.2 கிலோ. அதன்படி நம் தொட்டிக்கு 23 கிலோ போட வேண்டும். துளை நிறைந்த இலேசான கல்லாக இருந்தால் 12 முதல் 14 கிலோவே போதும். மேலே போடுவதெல்லாம் நீரோட்டத்தை மறித்து, பின்புறம் கசடு சேரும் மூலைகளைத்தான் உண்டாக்கும். ஒரே அளவுள்ள இரண்டு கற்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். இலேசானதை எடுங்கள்.

முதலில் கடலில் வளர்த்த லைவ் ராக். அமெரிக்காவின் புளோரிடாவில் இயற்கைக் கல்லை எடுப்பது தொண்ணூறுகளிலேயே முடிவுக்கு வந்தது. அதன்பின் உரிமம் பெற்றவர்கள் தரையில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் கடலடியில் போட்டு, சில ஆண்டுகள் கழித்து எடுத்து விற்கிறார்கள். உயிர்ப் பன்மையில் இதற்கு ஈடாக எந்தப் பாட்டில் பாக்டீரியாவும் இல்லை. கடற்பஞ்சு, குழாய்ப்புழு, காப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரி, கல்மேல் ஊதாவாகப் படியும் கோரலைன் பாசி எல்லாம் ஒரே கல்லில் வந்துவிடும். நீருக்குள்ளேயே அனுப்பிய கல்லா, ஈரக் காகிதம் சுற்றி அனுப்பியதா என்று கேட்டு வாங்குவது முக்கியம். ஈரக் காகிதத்தில் வந்தால் கடற்பஞ்சுகளில் பெரும்பகுதி வழியிலேயே செத்துவிடும். அந்தச் சாவு முழுவதும் அமோனியாவாக உங்கள் தொட்டியில் இறங்கும்.

வந்த கல்லை நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு பெரிய டிரம்மில் 26 டிகிரி வெப்பம், 1.025 அடர்த்தி, நீரைச் சுழற்ற நல்ல பவர்ஹெட் மோட்டார், குறைந்த வெளிச்சம் என்று வைத்து, அழுகிய பகுதிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கி, வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள். அமோனியா 1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டினால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்ஜியத்தில் நின்று, கல்லை முகர்ந்தால் கடற்கரை வாசம் மட்டும் வந்தால் கல் பதமாகிவிட்டது என்று பொருள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இன்னும் இல்லை. மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

வேண்டாத விருந்தாளிகள்தான் இந்தக் கல்லின் பெரிய குறை. நகநுனி கறுத்த, மயிரடர்ந்த நண்டுகள், இரவில் 'டக் டக்' என்று ஒலியெழுப்பும் மாண்டிஸ் இறால், எய்ப்டேசியா என்ற பழுப்புநிறக் கடற்சாமந்தி, பச்சை மணிபோன்ற குமிழ்ப்பாசி. விளக்கணைத்து ஒரு மணிநேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சால் டிரம்மைப் பாருங்கள். பகலில் காணாதவை அப்போது வெளியே வரும். மாண்டிஸ் இறால் பதுங்கிய துளையைக் கண்டுபிடித்தால், கல்லை வெளியே எடுத்து, அந்தத் துளையில் சோடாத் தண்ணீரைச் சிரிஞ்சால் செலுத்தினால் ஓடி வந்துவிடும். எய்ப்டேசியாவை மட்டும் கிள்ளவோ சுரண்டவோ கூடாது. விட்டுப்போகும் துணுக்கு ஒவ்வொன்றும் புது எய்ப்டேசியாவாக முளைக்கும். கெட்டியாகக் குழைத்த கால்சியம் ஹைட்ராக்சைடை அதன் வாயில் விடுங்கள். முள்மயிர்ப் புழுக்களைக் கண்டு பதற வேண்டாம். பெரும்பாலானவை கசடு தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை.

தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. ராமேஸ்வரத்துக் கல், தூத்துக்குடிக் கல் என்று யார் கொடுத்தாலும் அதை வாங்குவது குற்றம், செத்த பவளமானாலும் சரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கியதற்குப் பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டியது ஒரு முக்கியக் காரணம். அழகுக்காக வைக்கும் தொட்டிக்கு அந்தக் கடலிலிருந்து இன்னொரு கல் வேண்டாம். சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

அடுத்தது டிரை ராக், அதாவது உயிரில்லாத உலர்ந்த கல். பெரும்பாலோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். மார்க்கோராக்ஸ் நிறுவனத்தின் ரீஃப் சேவர் வகை, நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பழங்காலப் பவளக்கல். கடலைத் தொட வேண்டியதில்லை, அழுகும் உயிர்ப்பொருள் இல்லை, உளியும் சுத்தியலும் இருந்தால் வேண்டிய வடிவத்துக்கு உடைத்துக்கொள்ளலாம். வெள்ளைத்தூள் மட்டும் நிறைய உதிரும். ஆர்ஓ நீரில் இரண்டு மூன்று தடவை அலசியெடுங்கள். ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட புகானி டிரை ராக் இதைவிட இலேசானது, துளையும் அதிகம். ஆனால் கடலிலிருந்து எடுத்துக் காயவைத்ததால் உள்ளே காய்ந்த கடற்பஞ்சு மண்டிக் கிடக்கும். ஊறும்போது அது கரைந்து மாதக்கணக்கில் பாஸ்பேட்டைக் கக்கும்.

காரிப்சீ நிறுவனத்தின் லைஃப் ராக், இன்னொரு நிறுவனத்தின் ரியல் ரீஃப் ஆகியவை ஊதா நிறத்தோடு வரும் கற்கள். லைஃப் ராக்கின் மேற்பூச்சில் பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. வெள்ளைக்கல் தொட்டி முதல் சில மாதங்கள் கண்ணை உறுத்தும் என்பவர்களுக்கு இவை நல்ல தேர்வு. வளைவும் தட்டுமாக வடிவங்களும் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் அந்த ஊதா வெறும் நிறம், கோரலைன் பாசி அல்ல. உண்மையான கோரலைன் பரவ, ஒரு சிறு கல்லிலிருந்தோ நத்தை ஓட்டிலிருந்தோ விதை வர வேண்டும். அதன்பின் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச், மெக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் நிலையாக இருக்க வேண்டும்.

எரிமலைக்கல் மலிவு என்பதால் பலர் கேட்கிறார்கள். சில கற்களில் உலோகம் கலந்திருக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் விட்டுவிடுங்கள். சிமென்ட்டில் வார்த்த செயற்கைக் கல்லைப் பயன்படுத்தலாம். ஆனால் நன்னீரில் ஆறேழு வாரம் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, பிஹெச் 8.4க்குக் கீழே நிலைத்த பிறகே தொட்டிக்குள் போக வேண்டும்.

நம் ஊரில் அதிகம் கைமாறுவது, தொட்டியைக் கலைத்தவர்கள் விற்கும் பழைய கல். விலை மலிவு. சுண்ணாம்புக்கல் ஆண்டுக்கணக்கில் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும்; புது நீரில் போட்டதும் அதைத் திரும்ப விடும், முடிப்பாசி காடாக வளரும். வாங்கியதும் ஒரு பங்கு மணமற்ற திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, மோட்டார் ஓட, மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு அலசி, குளோரினை முறிக்கும் தையோசல்பேட் கலந்த நீரில் ஒருநாள் வைத்து, குளோரின் வாசம் துளியும் இல்லாமல் போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். இதன் பிறகுதான் அமிலக் குளியல்: பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அரைமணி நேரம். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். பிளீச் மிச்சமிருக்கும் கல் அமிலத்தைத் தொட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். கடைசியாக உப்புநீரில் இரண்டு வாரம் ஊறவைத்து பாஸ்பேட் அளந்து பாருங்கள். 0.1 பிபிஎம்முக்கு மேல் ஏறினால் நீரை மாற்றி, இன்னொரு சுற்று.

அடுக்கும்போது கல்லை முதலில் கண்ணாடியின் மேல் வையுங்கள், மணலைப் பிறகு கொட்டுங்கள். மணல்மேல் வைத்த கல்லின் அடியை கோபி மீனும் பிஸ்டல் இறாலும் தோண்டினால் கல் சரிந்து கண்ணாடி விரிசலிடும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே பாசி துடைக்கும் காந்தம் போக 6 செ.மீ. இடம் விடுங்கள். வளைவு கட்டுவதென்றால் 6 மி.மீ. டிரில்லால் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகி, சூப்பர் க்ளூ ஜெல்லையும் எபாக்ஸியையும் சேர்த்து ஒட்டுங்கள். வெறும் க்ளூ அந்த எடையைத் தாங்காது.

டிரை ராக் எடுப்பவர்கள் சைக்கிளிங்குக்கு, அதாவது அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பதற்கு, செத்த இறாலை அழுகவிட வேண்டாம். மணலும் கல்லும் போக மிஞ்சும் சுமார் 170 லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் அமோனியா 2 பிபிஎம் அளவுக்கு வரும். 4 பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியாவே திணறும். கூடவே நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் சம்ப்பிலிருந்து (வடிகட்டும் துணைத் தொட்டி), முகர்ந்தும் டார்ச்சடித்தும் பார்த்த, கைப்பிடி அளவு கல் துண்டோ செராமிக் வளையங்களோ வாங்கிப் போடுங்கள். போட்ட 2 பிபிஎம் அமோனியா 24 மணிநேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்ஜியமானால் முதல் மீனை விடலாம். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் டெஸ்ட் கிட் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

அதற்கடுத்த மூன்று மாதம் வெள்ளைக்கல் பழுப்பாகும், பிறகு பச்சையாகும். பழுப்பாகப் படியும் டயாட்டம் என்ற நுண்பாசி தானே போய்விடும். குமிழியோடு கோழைபோல் இழைந்தால் அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் வற்றிய தொட்டியில் வருவது. அப்போது நீர்மாற்றத்தைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 பிபிஎம் அருகில் இருக்கும்படி மீனுக்குச் சற்றுக் கூடுதலாகத் தீனி போட்டு, கல்லில் மற்ற உயிர்கள் இடம்பிடிக்க விடுங்கள்.