அளவெடுத்தார்கள், தைக்கவே இல்லை

குதிகால் வலி, முழங்கால் வலி, முதுகு வலி என்று எதற்காவது "பேக்கேஜ்" போடச் சொல்லும் பிசியோதெரபி நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 24 சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டினேன். அதற்கு முன்னாலும் சரி, கட்டிய பிறகும் சரி, அங்கே ஒருவர்கூட என் குதிகாலை விரலால் அழுத்தி "இங்கேயா வலிக்குது?" என்று கேட்கவில்லை.

நான் துணி வெட்டுகிறவன். 22 வருடமாகக் கட்டிங் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பிழைப்பு. போன வருடம் வலது குதிகாலில் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறியது போல இருக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். மதியம் சாப்பிட உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே ஆணி. இரண்டு மாதம் தைலம் தேய்த்துப் பார்த்தேன். அப்புறம்தான் நண்பர் ஒருவர் சொன்னாரே என்று அங்கே போனேன். நண்பர் மேல் தப்பில்லை, அவரும் பாதி சிட்டிங்கில் நின்றுவிட்டவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனதும் ஒரு பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். எதிரே திரையில் என் இரண்டு பாதங்களும் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் நிறமாக வந்தன. குதிகாலிலும் விரல்களுக்குப் பின்னாலும் மட்டும் சிவப்பு. "பாருங்க சார், எவ்வளவு சிவப்பு. உங்க பாதத்தோட வளைவு இறங்கிடுச்சு. இப்பவே சரி பண்ணலேன்னா முழங்கால், இடுப்பு, முதுகுன்னு வரிசையா போகும்" என்றார் கையில் டேப்லெட் வைத்திருந்தவர். அவர் பிசியோதெரபிஸ்டா, விற்பனை ஆளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. என்னோடு வந்திருந்த என் உதவியாள் பையனுக்கு 19 வயது, எந்த வலியும் கிடையாது. சும்மா விளையாட்டாக அவனும் ஏறி நின்றான். அவன் பாதத்திலும் அதே இடங்களில் சிவப்பு. "தம்பிக்கும் இருக்கு சார். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டா தள்ளுபடி உண்டு." அப்போதே சிரித்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நிற்கும்போது நம் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும்தான் அதிகம் விழும், யாரை ஏற்றினாலும் அங்கே சிவப்பு காட்டத்தான் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தட்டைப் பாதத்தோடு வாழ்நாள் முழுக்க வலியே இல்லாமல் நடப்பவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு வலியில் மூளை வேலை செய்யவில்லை. "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பணம் திரும்பத் தரப்படாது என்பது தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. என் கடை ரசீதிலேயே அப்படி ஒரு வரி உண்டு, அதனால் இதைப் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பேக்கேஜில் மெஷின் வைத்தியம், அப்புறம் என் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்யும் இன்சோல், அதாவது செருப்புக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை. அளவெடுப்பதற்காக ஒரு நுரைப் பெட்டியில் காலை அழுத்தச் சொன்னார்கள். ஈர மணலில் பதிவது போலத் தடம் விழுந்தது. பெட்டிமேல் என் பெயரை மார்க்கரில் எழுதி எடுத்துப் போனார்கள். அந்த ஒரு நிமிடம் மட்டும் நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது. அளவெடுத்துச் செய்கிற தொழில்மேல் எனக்கு மரியாதை இருக்காதா?

சிட்டிங் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். படுக்கச் சொல்லி, கெண்டைக்காலில் ஈரப் பஞ்சு வைத்த கப்புகளை ஒட்டி 15 நிமிடம் கரண்ட். எறும்பு ஊர்வது போலச் சுகமாகத்தான் இருக்கும். பிறகு குதிகாலில் ஜெல் தடவி 5 நிமிடம் அல்ட்ராசவுண்ட், ஸ்கேன் இல்லை, ஒலி அலையை உள்ளே அனுப்பும் மெஷின். அதன் தலையை வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். என்னிடம் வந்த பையன் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கையால் அதை ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருந்தான். எலும்புக்குள்ளேயே சூடாக ஒரு குடைச்சல் எடுத்தது. சொன்னேன். "அப்படித்தான் சார் இருக்கும், வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான். ஒரே இடத்தில் வைத்தால் எலும்பின்மேல் சூடு ஏறும், அந்த மாதிரி வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதுதான் உண்மை. ஒரு உடற்பயிற்சியாவது சொல்லிக்கொடுத்தார்களா? கிடையாது. ஒவ்வொரு முறையும் புது முகம், யாரிடமும் பெயர்ப் பட்டை இல்லை.

ஒன்பதாவது சிட்டிங்கில், கட்டிலோரம் வைத்துவிட்டுப் போன என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். வலி எவ்வளவு என்று 10க்கு மதிப்பெண் போடும் கட்டங்கள். என்னை யாருமே கேட்டதில்லை. ஆனால் 8, 8, 7, 7, 6 என்று படிக்கட்டு போல அழகாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. முடிந்தது ஒன்பது சிட்டிங், அட்டையில் பதினாறாவது வரைக்கும் நிரப்பியிருந்தார்கள்! அவர்கள் கணக்குப்படி இரண்டு வாரம் கழித்து எனக்கு வலி 3தான். அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன், இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இன்சோல் வந்தது பதினோராவது சிட்டிங்கில். இரண்டு நாள் போட்டதும் பாதத்தின் நடுவில் கட்டை வைத்து அழுத்துவது போல இருந்தது, முழங்காலின் வெளிப்பக்கமும் பிடித்துக்கொண்டது. "பழகணும் சார்." சரி என்று பத்து நாள் பழகினேன். ஒரு ராத்திரி கடையில் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. என் இடது பாதம் வலதைவிட அரை விரற்கடை நீளம். செருப்பு வாங்கும்போதெல்லாம் அதனால்தான் தொல்லை. டேப்பை எடுத்து இரண்டு இன்சோலையும் அளந்தேன். நூல் அளவுகூட வித்தியாசமில்லை. ஒன்றைத் திருப்பி இன்னொன்றின்மேல் வைத்தால் வளைவுகூட அச்சாகப் பொருந்தியது. மேலே ஒட்டியிருந்த துணியின் ஓரத்தை, தையல் பிரிக்கும் கத்தியால் மெல்லக் கிளப்பினேன். பழைய பசையின்மேல் புதுப் பசை. உள்ளே ரப்பரில் ரெடிமேட் ஷூ சைஸ் அச்சடித்திருந்தது: 41-42. ரெடிமேட் சட்டையின் காலர் லேபிளைக் கத்தரித்துவிட்டு, "உங்களுக்காகவே தைத்தது" என்று விற்கிற வேலை!

மறுநாள் காலை கையில் இன்சோலோடு போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "உங்க மோல்டை லேபுக்கு அனுப்பித்தான் சார் செஞ்சோம்" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும். ஆனால் அவர் காலுக்குப் பக்கத்தில், மேஜைக்கு அடியில் நுரைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. மேலிருந்து மூன்றாவதில் மார்க்கரில் என் பெயர். நான் எதுவும் பேசவில்லை, குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். உள்ளே என் கால் தடம் கலையாமல் அப்படியே இருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். டேப்லெட்காரர் வந்தார். 6 சிட்டிங் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். பணம் கேட்டேன். பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார். பெட்டி என் பெயரில் இருக்கிறது, என்னுடையது என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு பொது மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் இருபது நிமிடம் கேள்விதான் கேட்டார். எப்போது வலிக்கிறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, மரத்துப்போகிறதா, காலையில் முதுகும் இறுகிக்கொள்கிறதா, வலி தொடங்குவதற்கு முன்னால் வேலையில் என்ன மாறியது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. கடையை இடம் மாற்றியிருந்தோம், மரத்தளம் போய்ச் சிமெண்டுத் தரை வந்திருந்தது, சீசன் என்று நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தேன். பிறகு குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அழுத்தினார். எலும்பில் விரிசல் இருந்தால் அப்படி அழுத்தினால் உயிர் போகுமாம். கணுக்காலின் உள்பக்கம் விரலால் தட்டி நரம்பில் கரண்ட் அடித்தது போல இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் பெருவிரலை மேலே மடக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலின் அடியில் உள்பக்கமாக ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "அங்கேதான் மேடம்!" என்று கத்திவிட்டேன். "பிளான்டார் ஃபேசியா அண்ணா. குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் போற தடிமனான நார்ப் பட்டை, தாங்குறதைவிட அதிகச் சுமை விழுந்திருக்கு. பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிடும், ஆனா மாசக்கணக்குல ஆகும்" என்றார். 24 சிட்டிங் பேக்கேஜில் வராத பதில், ஒரு கட்டைவிரலில் வந்தது.

படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே காலைத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 எண்ணும் வரை பிடிக்க வேண்டும், அப்படிப் 10 தடவை. ஒன்றுவிட்டு ஒரு நாள், படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் குதிகால் மெத்தை ஒன்று. நான் நிற்கும் இடத்தில் ரப்பர் பாய். அவ்வளவுதான் வைத்தியம்.

இதை நம்பாமல் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், சூடு கண்ட பூனை அல்லவா. துண்டு வைத்து ஏறி இறங்கும் பயிற்சியை டென்மார்க்கில் சோதித்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன், ஒரு வருடம் ஆனபோது இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வில், அளவெடுத்துச் செய்த இன்சோல், ரெடிமேட் இன்சோல், மெல்லிய நுரையாலான போலி இன்சோல் மூன்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 12 மாதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இன்சோலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, பாத மருத்துவர் பார்த்துத் தரவேண்டிய கால்களும் உண்டு. ஆனால் என் காலுக்கு ரெடிமேடே போதும் என்றால், அதை ரெடிமேட் விலைக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அல்ட்ராசவுண்டும் அப்படித்தான். குதிகால் வலிக்கு மெஷினை ஓடவிட்டும், ஓடாத மெஷினை வைத்தும் 1996லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பெரிய வேறுபாடு இல்லை.

எக்ஸ்ரேயில் "முள் வளர்ந்திருக்கு" என்று காட்டிப் பயமுறுத்தினாலும் கலங்காதீர்கள். வலியே இல்லாதவர்களின் குதிகாலிலும் அந்த முள் இருக்கும். எனக்கும் இருக்கிறது, இடது காலில்கூட. அந்தக் கால் வலிப்பதே இல்லை. அதேசமயம், ராத்திரியில் படுத்திருக்கும்போதும் வலித்தால், கால் மரத்துப்போனால், வீங்கிச் சிவந்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால், பயிற்சியெல்லாம் அப்புறம், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

போகிற இடத்தில், பணம் கட்டும் முன் உங்களைத் தொட்டுப் பரிசோதிப்பவர் யார், அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். முதல் ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு முகம் எப்படி மாறுகிறது என்பதே பாதிப் பதில். இன்சோல் தந்தால் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், அட்டையின் போட்டோவும் பிரித்த இன்சோலும் சாட்சியாகப் போயிருக்கின்றன. பணம் இன்னும் வரவில்லை. வலி ஏழு மாதத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது, முதல் அடி இப்போது ஆணியாக இல்லை, சின்னக் கல்லாக இருக்கிறது. நுரைப் பெட்டி மட்டும் கட்டிங் மேஜை ஓரத்தில் கிடக்கிறது. குண்டூசி குத்தி வைக்க அருமையான பொருள். என் குதிகால் பதிந்த பள்ளத்தில் பையன் பட்டன் போட்டு வைத்திருக்கிறான்.