சீசிங் வண்டியா, டோட்டல் லாஸா, போலீஸ் ஏலமா? கார் எடுக்கும் முன் ஒரு அலசல்

ஏலத்தில் கார் எடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் பலரும் என்ன மாடல், என்ன விலை என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஏலம் விடுவது யார் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். எந்த ஏலமாக இருந்தாலும் வண்டி 'உள்ளது உள்ளபடி'தான். பெரும்பாலும் ரோட்டில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், எடுத்த பிறகு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று போனால் பேச ஆள் இருக்காது. ஒரு ஏலத்துக்கும் இன்னொன்றுக்கும் உண்மையான வித்தியாசம், ஆர்சி உங்கள் பெயருக்கு எவ்வளவு சுலபமாக மாறும் என்பதில் இருக்கிறது.

புதிதாக இறங்குகிறவருக்கு என் ஓட்டு சீசிங் வண்டிக்குத்தான். டியூ கட்டாததால் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தூக்கிய கார். பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் தூக்கியிருப்பார்கள் என்பதால் எஞ்சின் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் டியூவே கட்ட முடியாதவர் ஒழுங்காக சர்வீஸுக்கு விட்டிருப்பாரா? டயர் மொட்டையாக இருக்கும், இரண்டாவது சாவி இருக்காது, யார்டில் மாதக்கணக்கில் நின்றதில் பேட்டரி செத்திருக்கும். சரி, இதெல்லாம் பணம் போட்டால் தீர்ந்துவிடும்.

பேப்பர் அப்படித் தீராது. வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்து, ஆர்சியில் எந்த நிறுவனத்தின் பெயரில் கடன் ஏறியிருக்கிறதோ அதே நிறுவனத்துக்காகத்தான் ஏலம் நடக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் நீக்கத்துக்கான ஃபார்ம் 35, என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இரண்டும் வங்கி தர வேண்டியவை. ஆர்சி பழைய ஓனரிடமே மாட்டிக்கொண்டிருந்தால் ஃபார்ம் 36 போட்டு வங்கி தன் பெயரில் புது ஆர்சி வாங்க சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஆர்டிஓ ஆபீஸ் பழைய ஓனருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நாளாகும். யார்டு ஆள் "அதெல்லாம் வந்துடும் சார்" என்றால், யார் எடுத்துத் தருவது, எத்தனை நாளில் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். பழைய சலான் பாக்கி எவ்வளவு என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பிஒய் நம்பர் வண்டி மலிவாக வந்தால் உடனே துள்ள வேண்டாம், புதுச்சேரி பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற இங்கே தனியாக லைஃப் டேக்ஸ் கட்டியாக வேண்டும்.

விலைக்கு வருவோம். வெளியே நாலு லட்சம் போகும் கார் ஏலத்தில் 3,10,000-க்கு விழுந்தது என்று வையுங்கள். ஏலக் கம்பெனியின் கட்டணம், யார்டு வாடகை, இன்சூரன்ஸ், நாலு டயர், பேட்டரி, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் 60,000 சாதாரணமாகப் போய்விடும். மிச்சம் முப்பதாயிரம். அந்த முப்பதாயிரத்துக்காக ஓட்டிப் பார்க்காத வண்டியை எடுப்பதைவிட, ஓனரிடம் நேரே போய் மெக்கானிக்கை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டி, சர்வீஸ் பில் கேட்டு வாங்குவது மேல். வெளி விலையைவிட 25 சதவீதமாவது குறையவில்லை என்றால் நான் கையை இறக்கிவிடுவேன். இன்னொன்று, அதிக விலை கேட்டவர் நீங்களே என்றாலும் வங்கி ஒப்புதல் கொடுத்தால்தான் வண்டி உங்களுடையது, முன்பணம் அதுவரை அங்கேயே கிடக்கும்.

அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளிவிடும் டோட்டல் லாஸ் வண்டி. விலையைப் பார்த்தால் கண் விரியும். பழுது பார்க்கும் செலவு ஐடிவியில், அதாவது இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்பது இங்குள்ள வழக்கம். நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் காரின் ஐடிவி கம்பெனி விலையில் பாதிதான், அதனால் ஏர்பேக் வெடித்து டேஷ்போர்டு, பானெட், ரேடியேட்டர் போனாலே கம்பெனி சர்வீஸ் ரேட்டில் கணக்கு தாண்டிவிடலாம். சொந்தப் பட்டறை வைத்திருப்பவருக்கு அப்படிப்பட்ட வண்டியில் லாபம் இருக்கிறது. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் பட்டறைக்காரரும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இப்படி எத்தனையோ கார்கள் ஏலத்துக்குப் போயின, மேலே பளபளவென்று கழுவித் துடைத்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலால் தடவுங்கள், வண்டல் தட்டுப்படும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். வயரிங்கில் தண்ணீர் புகுந்த கார் இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், நாளைக்கு நடுரோட்டில் நிற்கும்.

ஏல விவரத்தில் 'ஆர்சி இல்லாமல்' என்று போட்டிருந்தால் அது பார்ட்ஸுக்கு மட்டும், ரோட்டுக்கு இல்லை. நொறுங்கிய காரை அதன் ஆர்சிக்காகவே வாங்கி, அந்த நம்பரைத் திருட்டு வண்டியில் ஏற்றும் கும்பல்கள் பிடிபட்ட கதை நாட்டில் நிறைய உண்டு. வெளியே செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதும் இதை மனதில் வையுங்கள்.

போலீஸ் ஏலம் வேறு மாதிரி. மதுவிலக்கு வழக்கில் பறிமுதலானவை, உரிமை கோரப்படாதவை. வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. அறிவிப்பு வந்ததும் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கி, ஆயுதப்படை மைதானம் மாதிரி ஓரிடத்தில் நேரில் ஏலம் கேட்க வேண்டும், ஏலத்தொகைக்கு மேல் ஜிஎஸ்டி தனி. பழைய வண்டி வியாபாரிகள் கூட்டாக வந்திருப்பார்கள், அவர்களோடு வீம்புக்குப் போட்டி போட்டால் பணம்தான் போகும். நல்ல விஷயம், பேப்பர் வழி தெளிவாக இருக்கிறது: வண்டியை எடுத்த 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஆபீஸில் ஃபார்ம் 32, கூடவே ஏலத்தை உறுதி செய்த ஆணை. கடத்தலில் சிக்கிய வண்டியின் நம்பர் பிளேட்டை நம்பாதீர்கள். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஏலப் பட்டியலில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அதில் இடித்தால் ஆர்டிஓ ஆபீஸிலும் இடிக்கும்.

அரசு ஜீப், அம்பாசடர் ஆசை உள்ளவர்களுக்கு: 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை, அவை உடைப்பதற்குத்தான் போகின்றன. அரசுப் பொருட்களை ஆன்லைனில் ஏலம் விடும் எம்எஸ்டிசி தளத்தில் படம் பார்த்து மயங்கும் முன், பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களுக்கு மட்டும் என்ற வரி விவரத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் ஏலமே கேட்க முடியாது.