மே மாத ‘மைக்ரேஷன் சஃபாரி’: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோடை விடுமுறையில் கென்யாவுக்குக் கூட்டிப்போய், மசாய் மாரா காப்பகத்தில் வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற பெரிய மான்களின் மந்தைகள் ஆற்றைக் கடப்பதைக் காட்டுகிறோம் என்று யாராவது உங்களிடம் பேக்கேஜ் விற்க வந்தால் வாங்காதீர்கள். மே மாதத்தில் அந்தப் பெரிய மந்தைகள் மாராவில் இருப்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில், நடுப்பகுதியிலும் மேற்கிலும் மேய்ந்துகொண்டிருக்கும். சஃபாரி தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எங்களுக்கு விற்ற நிறுவனத்துக்கும் தெரியும்.

நான் பள்ளி ஆசிரியை. நீண்ட விடுமுறை என்றால் எனக்கு மே மாதம்தான். அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிவியில் மாரா ஆற்றுக் காட்சி வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய சேமிப்பிலிருந்துதான் இந்தப் பயணத்துக்குப் பெரும்பகுதி போனது. அப்பா, அம்மா, நான், என் கணவர் என நால்வர். விற்றது சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருப்பதால் பெயர் எழுதவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கேட்டேன்: மே மாதம் போனால் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியுமா? வந்த பதில் இது. “மைக்ரேஷன் வருஷம் முழுக்க நடந்துக்கிட்டே இருக்கும் மேடம். மே மாசம் டூரிஸ்ட் கூட்டமும் கம்மி. அப்பாவுக்கு நிம்மதியா காட்டலாம்.” கூடவே ஒரு பிடிஎஃப். அதன் முதல் பக்கத்தில் ஆயிரக்கணக்கான விலங்குகள் கரையிலிருந்து தண்ணீரில் பாயும் படம். தலைப்பு ‘கிரேட் மைக்ரேஷன் ஸ்பெஷல்’, கீழே நாங்கள் போகும் மே மாதத் தேதிகள்.

அந்தப் பதிலை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அதில் ஒரு வாக்கியம்கூடத் தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. மந்தைகள் வருடம் முழுக்க நகர்வது உண்மை. மே மாதத்தில் கூட்டம் குறைவு என்பதும் உண்மை. ஏன் குறைவு என்பதை மட்டும் சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம், பெரிய மந்தைகளும் மாராவில் இல்லை, அதனால்தான் யாரும் வருவதில்லை.

மந்தைகள் வருடம் முழுக்கச் சுற்றிவரும் அந்த வட்டத்தை இங்கே எழுதிவிடுகிறேன். இதைத் தெரிந்தவரிடம் தவறான மாதத்தை விற்க முடியாது.

வில்டபீஸ்ட்டுகளும் அவற்றோடு சேர்ந்து போகும் வரிக்குதிரைகளும் மழையின் பின்னால், புதுப் புல்லின் பின்னால் போகின்றன. டிசம்பர் வாக்கில் செரெங்கெட்டியின் தெற்கே, நிடுட்டு பகுதியில் உள்ள குட்டைப்புல் சமவெளிகளுக்கு வந்து சேரும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அதில் முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்களுக்கு அது வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கேதான் கன்று ஈனுகின்றன. பிப்ரவரியில் உச்சம். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் பிறந்துவிடும். சிங்கம், சிவிங்கிப்புலி, கழுதைப்புலி எல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தென்சமவெளி காயக் காய, மந்தைகள் செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெரா வழியாக வடமேற்கே நகரும். ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வட செரெங்கெட்டியின் கொகாடெண்டே பக்கத்திலும் கென்யாவின் மாராவிலும் இருக்கும். படங்களில் பார்க்கும் அந்த மாரா ஆற்றுக் காட்சி இந்த மாதங்களுக்கு உரியது. நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கு நோக்கி நடை.

மழை முந்தினால் மந்தை முந்தும், பிந்தினால் பிந்தும். கரையில் ஆறு மணி நேரம் நின்றும் ஒன்றுகூட இறங்காமல் திரும்பிப் போகலாம். இன்ன நாள், இன்ன நேரம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்படி உறுதி சொல்பவரும் பொய்தான் சொல்கிறார். ஆனால் நாளைச் சொல்ல முடியாது என்பது வேறு, மாதம் தெரியாது என்பது வேறு. எங்களை ஏமாற்றியவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பினார்கள்.

அங்கே போய் இறங்கிய பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரை திறக்கும் லேண்ட் குரூசர் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், வந்தது வேன். மாராவின் மண் நம் ஊர்க் கரிசல் போன்றது, மழை பெய்தால் சக்கரத்தை விடாது. நான்கு சக்கரமும் இழுக்காத அந்த வேன் சேற்றில் சிக்கி, வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை, அம்மா சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிங்கம் இருக்கும் இடம், இறங்க முடியாது. ‘மாராவுக்குள்ளேயே’ என்று சொன்ன முகாம் காப்பகத்தின் செகெனானி வாசலுக்கு வெளியே இருந்தது.

எங்கள் ஓட்டுநர் நல்ல மனிதர். முதல் நாள் காலையிலேயே அப்பா அவரிடம், ஆற்றுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டார். அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். மந்தைகள் இப்போது தான்சானியாவில் இருக்கின்றன, ஜூலையில்தான் இங்கே வரும், உங்களிடம் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏம்மா, நாமதான் மாசத்தைச் சொல்லித்தானே புக் பண்ணோம்?” என்றார். அதற்குப் பிறகு அந்த ஓட்டுநர் தன்னால் முடிந்ததையெல்லாம் காட்டினார். கரையான் புற்றின் மேல் காவல் நிற்கும் டோபி மான், குட்டிகளோடு யானைக் கூட்டம், வேனுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த சிங்கங்கள். மழையில் நனைந்த மாரா அழகான இடம். அதை அதுவாகவே, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இருந்திருக்காது.

விலை என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். எங்கள் பில்லில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் போட்டிருந்தார்கள். வாசலில் கட்டிய ரசீது ஓட்டுநரிடம் இருந்தது. கேட்டதும் தயங்காமல் காட்டினார். 100. அதாவது மந்தை வரும் மாதத்தின் கட்டணத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு, மந்தை இல்லாத மாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். எது எந்தப் பருவம் என்று தெரியாமல் நடந்த தவறு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அங்கிருந்தே சென்னைக்கு அழைத்தேன். “இயற்கை மேடம், நம்ம கையில இல்ல” என்றார்கள். மாராவில் இல்லையென்றால் அந்தப் பக்கம் செரெங்கெட்டிக்குக் கூட்டிப்போகிறோம், ஒரே காடுதானே என்று புக் பண்ணும்போது சொன்னீர்களே என்று கேட்டேன். பதில் இல்லை. விலங்குகளுக்குத்தான் அது ஒரே காடு. மாராவிலிருந்து செரெங்கெட்டிக்குள் சுற்றுலாப் பயணிகள் நேராகக் கடக்க வழியில்லை. இசெபானியா போன்ற எல்லைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தான்சானியாவுக்குத் தனி விசா, செரெங்கெட்டிக்குத் தனிக் கட்டணம், அந்த நாட்டு வண்டி. இதெல்லாம் எங்கள் பேக்கேஜில் ஒரு வரிகூட இல்லை.

ஊர் திரும்பிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி வசூலிப்பார்கள். அது நம் பான் எண்ணில் வரவாக வேண்டும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நாம் கழித்துக்கொள்ளலாம். எங்களிடம் அந்தப் பெயரில் வாங்கிய தொகை, நம் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில், அப்பாவின் கணக்கில் வரவே இல்லை. நீங்கள் ஏற்கெனவே எந்த வெளிநாட்டுப் பயணத்துக்காவது பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே உங்கள் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையையும் ஊசி போடாமலே ‘ஏற்பாடு’ செய்து தருவதாக அவர்கள் சொன்னார்கள். நாங்கள் மறுத்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். தயவுசெய்து இதில் யார் பேச்சையும் கேட்காதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்கள் என்ன செய்யலாம் என்று என் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மே மாதத்தை விட்டுவிடுங்கள், காலாண்டு விடுமுறையைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் மந்தைகள் வழக்கமாக மாராவிலும் கொகாடெண்டே பக்கத்திலும் இருக்கும். ஆற்றைக் கடக்கும் வாய்ப்பும் உண்டு. மாராவில் அப்போது 200 டாலர் கட்டணம்தான், ஆனால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் இருக்கும். அரையாண்டு விடுமுறை என்றால் தான்சானியாவின் தெற்கே நிடுட்டு. ஆறு கிடைக்காது, கன்றுகளும் அநேகமாக அப்போது பிறந்திருக்காது, ஆனால் சமவெளி நிறைய மந்தை இருக்கும். மே மாதம் மட்டும்தான் முடியும் என்றால் கென்யா வேண்டாம். செரெங்கெட்டியின் நடுப்பகுதி, மேற்குப் பகுதி என்று கேளுங்கள், மழைக்கும் சேற்றுக்கும் தயாராகப் போங்கள், சில முகாம்கள் அந்த மாதத்தில் மூடியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

செரெங்கெட்டி என்று மட்டும் எழுதிக் கொடுத்தாலும் போதாது. அந்தப் பூங்கா 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆகஸ்டில் ஆற்றைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு செரோனெராவில் அறை போட்டால், கொகாடெண்டேவுக்குப் போகவே பாதி நாள் ஓடிவிடும். ஒவ்வொரு இரவும் எந்த முகாம், அது எந்த வாசலுக்கு எந்தப் பக்கம், என்ன வண்டி, நுழைவுக் கட்டணம் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மாதத்தில் மந்தை வழக்கமாக எங்கே இருக்கும் என்பதையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையானவர் எழுதித் தருவார்.

எங்கள் வழக்கைப் பற்றி: முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். நிறுவனம் அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறேன் என்றது. அப்பா மறுத்துவிட்டார். பிறகு எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிடிஎஃப், வாட்ஸ்அப் உரையாடல், பில், ஓட்டுநர் கொடுத்த வாசல் ரசீதின் படம், 26ஏஎஸ் எல்லாம் இணைத்திருக்கிறோம். இதே மாதிரி மே மாதப் பேக்கேஜில் போய் வந்தவர்கள் இருந்தால், உங்கள் பில்லில் நுழைவுக் கட்டணம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துப் பாருங்கள். 200 என்று இருந்தால் அந்த பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். உங்கள் மாவட்டத்தில் நீங்களும் புகார் கொடுங்கள்.