கல்லீரல் ப்ரோப்: நல்ல கருவி, நாசமாய்ப் போகிற கேபிள்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில், வயிற்றைத் திறந்தபின் கல்லீரல் மேலேயே வைத்து உள்ளே பார்க்க வைத்திருக்கும் அல்ட்ராசவுண்ட் ப்ரோப் ரிப்பேர் முடிந்து போன வாரம்தான் வந்தது. அதே நேரம் பார்த்து, என்னோடு குழந்தைகள் அறுவைச் சிகிச்சை படித்த நண்பன் போன் செய்து, "வாங்கலாமாடா?" என்றான். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் சூடு ஆற்றி எழுதுகிறேன்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் ஹெபடோபிளாஸ்டோமா, சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய். மூன்று வயதைத் தாண்டாத பிள்ளைகள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்துக் கட்டி சுருங்கிய பிறகு எடுத்த சிடி சுவரில் தொங்கும். ஆனால் கல்லீரலைப் பிடித்திருக்கும் தசைநார்களை வெட்டிப் புரட்டியதும், அந்தப் படத்துக்கும் கையில் இருப்பதற்கும் உறவு அறுந்துவிடும். ப்ரோப் அங்கேதான் உதவுகிறது. ஒன்றரை வயதுப் பையன் ஒருவனுக்கு, கட்டி கல்லீரலின் நடுவே ஓடும் பெரிய ரத்தக்குழாயான நடுச்சிரையோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகவே சிடி சொன்னது. மேலே வெதுவெதுப்பான சலைன் ஊற்றி ப்ரோப்பை வைத்தேன். கறுப்புக் குழாயாகச் சிரை, இந்தப் பக்கம் கட்டி, நடுவே மெல்லிசாக நல்ல கல்லீரல். டயத்தர்மியால் (மின்சாரத்தால் சுடும் கருவி) மேற்பரப்பில் கோடு போட்டுக்கொண்டு வெட்டினேன், சிரை தப்பியது. பத்து கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். அந்தச் சிரை கிழிந்தால் என்ன ஆகும் என்று மயக்க மருத்துவரைக் கேளுங்கள்.

"ஐசிஜி சாயம் போதாதா?" என்றான் நண்பன். போதாது. ஊசியில் ஏற்றினால் தனிக் கேமராவில் கட்டியை ஒளிரவைக்கும் அந்தச் சாயம் காட்டுவது மேலாக ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான். ப்ரோப்புக்கோ அந்த முதல் சென்டிமீட்டர்தான் மங்கல். கையுறை விரலில் சலைன் நிரப்பி இடையில் வைத்துச் சமாளிக்கிறோம். இரண்டும் இருந்தால் நல்லது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். கேபிள்! பெரியவர்கள் வயிற்றுக்காகச் செய்த தடிமன். உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே, என் இரண்டு விரலே நெருக்கியடித்துப் போகிற இடத்தில் ப்ரோப்பை நுழைத்தால், கேபிளின் கனம் அதைப் புரட்டிவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கவே சிஸ்டருக்கு ஒரு கை போய்விடுகிறது. ஸ்டெரைல் கவருக்குள் ஜெல்லில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினால் படத்தில் கறுப்புப் பட்டை. கழற்று, வேறு கவர் போடு. ஒரு தடவை மூன்று கவர் போனது.

இரண்டாம் வருடம் அந்தப் பட்டை கவரை மாற்றியும் போகவில்லை. கேபிள் கழுத்தில் உள்ளே கம்பி முறிந்திருந்தது. "நீங்கள் மடக்கிப் பிடித்ததால் வந்தது, வாரண்டியில் வராது" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். மடக்காமல் குழந்தை வயிற்றுக்குள் எப்படிப் போவதாம்? பக்கத்து மருத்துவமனையில் இரவல் வாங்கலாம் என்றால், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் குறுக்கே நின்றது: ஸ்கேன் கருவி பதிவான இடத்தை விட்டு நகரக் கூடாது. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ப்ரோப் இல்லாமல் செய்த இரண்டு ஆபரேஷனிலும் விரலால் தடவித் தடவியே போனேன். இரண்டு நாளும் வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அந்தக் காசுக்கு இப்படியொரு கேபிளா?

புதன்கிழமை ஒரு கேஸ் இருக்கிறது. நான்கு கவர் எடுத்து வைக்கச் சொல்லி சிஸ்டரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.