மார்த்தாண்டம் பக்கத்து மகளிர் கிளினிக்: பார்த்த பிறகே மருந்துச் சீட்டு

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் வீட்டில் பார்லித் தண்ணீரும் நுங்கும்தான் மருந்து; "உடம்புச் சூடு" என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய நார்ஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை மூன்று நாள் விழுங்கியதில் எரிச்சல் பாதி அடங்கி, மறு வாரமே திரும்பி வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் ஏராளமாக இருந்தும் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை. அந்தத் தாளோடுதான் மார்த்தாண்டம் பக்கத்திலுள்ள இந்தச் சிறிய கிளினிக்குக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் செவிலியர், "மக்களே, கூட வந்தவங்க வெளியே இருக்கட்டும்" என்று அத்தையை வராந்தாவில் உட்கார வைத்தார். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு நான் உண்மையாகப் பதில் சொல்ல முடிந்தது அதனால்தான். எரிச்சல் உள்ளேயா, சிறுநீர் படும் வெளித்தோலிலா, அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருக்கிறதா, காய்ச்சலோ விலாவில் வலியோ உண்டா, வெள்ளைப்படுதலின் நிறம் மாறியதா, உறவுக்குப் பின் இரத்தக் கசிவு இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பே மாத்திரை விழுங்கியிருந்தாலும் கல்ச்சர் வெறுமையாக வரலாம், ஆனால் உடலுறவால் பரவும் கிளமிடியா போன்ற கிருமிகள் வழக்கமான கல்ச்சரில் வளரவே வளராது என்று அவர் விளக்கியபோதுதான், கையிலிருந்த தாள் ஏன் உதவவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியை வெந்நீரில் நனைத்து இளஞ்சூடாக்கிய பிறகே பரிசோதித்தார். பஞ்சுக்குச்சியில் மஞ்சள் நிறச் சளி ஒட்டியிருந்தது. கர்ப்பப்பை வாயை இலேசாகத் தொட்டதும் இரத்தம் கசிந்தது. அழற்சி கருக்குழாய்களுக்குப் பரவியிருந்தால் வயிற்றை அழுத்தும்போதும் கர்ப்பப்பை வாயை அசைக்கும்போதும் வலிக்கும் என்றார். எனக்கு அந்த வலி இல்லை. கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, 7 நாட்களுக்கு எழுதினார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும், வெயிலில் அதிகம் அலையக் கூடாது என்பதையும் சீட்டிலேயே எழுதினார். நம் ஊர் வெயிலில் இரண்டாவது கட்டளைதான் கடினம்.

பரிசோதனை முடிவு வந்தபோது கிளமிடியா உறுதியானது. கணவருக்கும் சிகிச்சை தேவை, இருவரும் 7 நாட்கள் விலகி இருக்க வேண்டும் என்றார். இந்தக் கிருமி அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில் உடலில் இருக்கக்கூடும் என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று தேடிச் சண்டை போடுவது வீண் என்று அவர் சொன்ன விதம், எங்கள் வீட்டில் மூளவிருந்த ஒரு பெரிய தகராறைத் தடுத்தது. எச்ஐவி பரிசோதனையை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்றும் வழிகாட்டினார். பணம் பறிக்கும் இடமாக எனக்குத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. பதிவு மேசையில் "என்ன பிரச்சினை?" என்று நான்கு பேர் காதுபடக் கேட்கிறார்கள், மருத்துவர் அறையில் காக்கும் அந்தரங்கத்தை வாசலிலேயே தொலைத்துவிடுகிறார்கள். நான் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். சிறுநீர் மாதிரி எடுக்கும் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையில் டப்பாவை ஏந்த வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்; அதற்குள் அந்தத் தாழ்ப்பாளை மாற்றியிருந்தால் நல்லது.